செட்டிநாட்டுக் கூடத்தில் சீறும் ஸ்பீக்கரை அடக்குவது

காரைக்குடி, பள்ளத்தூர், கானாடுகாத்தான் பக்கத்துப் பெரிய வீடுகளில் நல்ல ஸ்பீக்கரும் காதைக் குத்தும். கடையில் இதமாகக் கேட்ட அதே ஜோடி, வீட்டுக்கு வந்ததும் 'ச', 'ஸ' வருகிற இடமெல்லாம் சீறும். ஜால்ரா தனியாகத் துருத்திக்கொண்டு நிற்கும். வயலின் மேல் ஸ்தாயிக்குப் போனால் வில் உரசுவதுதான் முதலில் கேட்கும். அரை மணி நேரத்தில் காது களைத்துவிடும், கை தானாகவே வால்யூமைக் குறைக்கும். பெட்டியைத் திறந்து ட்வீட்டருக்கு (கீச்சொலி தரும் சிறு ஸ்பீக்கர்) ஒரு ரெசிஸ்டர் போடுவதுதான் இதற்கு வழக்கமான வைத்தியம். தாழ்ந்த கூரையும் சோபாவும் திரைச்சீலையும் உள்ள ஃப்ளாட்டில் அது சரியாக இருக்கலாம். இங்கே அதைக் கடைசியில்தான் செய்ய வேண்டும், அதுவும் 2 டெசிபலுக்கு மேல் போகாமல். ஏன் என்பதற்குக் கணக்கே பதில் சொல்லும்.

வேலைக்கு எடுத்துக்கொண்ட அறை: வளவை (நடு முற்றத்தை) ஒட்டிய கூடம், நீளம் 6 மீட்டர், அகலம் 4 மீட்டர், உயரம் 4.2 மீட்டர். தரையில் ஆத்தங்குடிக் கல், சுவரில் முகம் தெரியும்படி மெருகேற்றிய முட்டைச்சாந்துப் பூச்சு, மேலே தேக்கு உத்தரமும் பலகையும், ஒரு சுவரில் பெல்ஜியம் கண்ணாடி. ஸ்பீக்கர் டூ-வே வகை: ஆழ்ந்த ஒலிக்கு ஆறரை அங்குல வூஃபர், கீச்சொலிக்கு 25 மி.மீ. டோம் ட்வீட்டர், 8 ஓம்.

முதலில் காசில்லாத சோதனைகள்

ஒயர் மாறியிருக்கிறதா என்று பாருங்கள். ஒரு ஸ்பீக்கரில் மட்டும் சிவப்பும் கறுப்பும் இடம் மாறிவிட்டால் இரண்டு வூஃபர்களும் ஒன்றுக்கொன்று எதிராக அசையும், பாஸ் காணாமல் போகும். மிஞ்சுவது கீச்சு மட்டும்தான். இதை "ட்வீட்டர் அதிகம்" என்று நினைத்துப் பெட்டியைப் பிரித்தவர்கள் உண்டு. ஆம்ப்ளிஃபயரிலிருந்து ஒயரைக் கழற்றிவிட்டு, 1.5 வோல்ட் பென்சில் பேட்டரியின் பிளஸ் முனையைச் சிவப்பு ஒயரிலும் மைனஸ் முனையைக் கறுப்பிலும் ஒரு நொடி தொடுங்கள். இரண்டு பெட்டியிலும் வூஃபர் கோன் வெளியே தள்ள வேண்டும். ஒன்று உள்ளே இழுத்தால் அந்தப் பக்கம் இணைப்பு தலைகீழ்.

அடுத்தது வூஃபரின் ஓரம். கோனையும் சட்டத்தையும் இணைக்கும் வளையம் ஃபோமால் ஆனதென்றால், ஈரக்காற்றில் அது பத்துப் பதினைந்து வருடத்தில் பொடிந்துவிடும். விரலால் மெல்லத் தொட்டால் பிசுபிசுக்கும் அல்லது உதிரும். அப்படிக் கிழிந்த வூஃபரிலிருந்து ஆழமான ஒலி வராது, தராசு மேல் அலைவரிசைப் பக்கம் சாய்ந்துவிடும். புது ஃபோம் வளையம் ஒட்டுவதுதான் அதற்கு மருந்து. ட்வீட்டரைக் குறைத்தால் மொத்தமும் செத்துப்போன ஒலியாகிவிடும். ரப்பர் வளையமாக இருந்தால் இந்தக் கவலை பெரும்பாலும் இல்லை.

கேட்கிற பாட்டும் முக்கியம். பழைய இசைத்தட்டிலிருந்து எடுத்து, இரைச்சல் நீக்கி, சத்தம் கூட்டி ஏற்றிய பதிவுகள் எந்த ஸ்பீக்கரிலும் குத்தும். நாகஸ்வரமும் சோதனைக்கு உதவாது. அதன் மேல்சுரங்கள் இயல்பாகவே வலுவானவை, அந்தக் கூர்மை அதன் குணம். நாகஸ்வரம் இதமாகும்வரை ட்வீட்டரைக் குறைத்தால் வீணை ஊமையாகிவிடும். பக்கவாத்தியம் குறைவாக உள்ள, நன்றாகப் பதிவான ஒரு பெண் குரல், ஒரு மிருதங்கத் தனி, ஒரு ஆணின் பேச்சு, இந்த மூன்றும் போதும். பேச்சில் 'ச'கரம் சீறாமல், அதே சமயம் உதடு ஒட்டிப் பிரிவது தெரிந்தால் அதுவே சரியான இடம்.

அறை என்ன செய்கிறது

இயற்பியலாளர் வாலஸ் கிளெமென்ட் சேபின் 1895-இல் ஹார்வர்டின் ஃபாக் அருங்காட்சியக விரிவுரைக் கூடத்தைத் திருத்த இறங்கியபோது, பக்கத்து அரங்கின் இருக்கை மெத்தைகளைக் கொண்டுவந்து அடுக்கித்தான் கணக்குக் கண்டுபிடித்தார். எதிரொலி அடங்கும் நேரம் = 0.161 × அறையின் கன அளவு ÷ மொத்த உறிஞ்சல். ஒரு சதுர மீட்டர் திறந்த சன்னலை முழு உறிஞ்சியாக வைத்து அளந்தார். இந்த இரண்டு செய்தியும் செட்டிநாட்டு வீட்டுக்கு அப்படியே பொருந்தும்: நம் வீட்டில் மெத்தைகள் நிறைய உண்டு, திறந்த சன்னலுக்கு மேலாகத் திறந்த வளவே உண்டு.

நம் கூடத்தின் கன அளவு 100.8 கன மீட்டர். தரை, கூரை, சுவர் எல்லாம் சேர்த்து 132 சதுர மீட்டர். மெருகேற்றிய பூச்சும் கல்லும் மேல் அலைவரிசையில் நூற்றுக்கு ஒன்று முதல் மூன்று பங்கு ஒலியைத்தான் விழுங்கும். தாராளமாக மூன்று என்றே வைத்தாலும் உறிஞ்சல் சுமார் 4 சதுர மீட்டர். காலி அறையில் எதிரொலி 4 நொடி நிற்கும். நாற்காலி, ஆட்கள், துணிமணி, கதவு இடுக்கு எல்லாம் சேர்த்து உறிஞ்சல் 8 ஆனாலும் 2 நொடி. வீட்டில் பாட்டுக் கேட்க அரை நொடியிலிருந்து முக்கால் நொடிக்குள் வர வேண்டும். அதாவது 22 சதுர மீட்டருக்குக் குறையாமல் உறிஞ்சல் தேவை.

எதிரொலி எல்லா அலைவரிசையிலும் ஒரே அளவாக இருந்தால் குழப்பம்தான் வரும், காதுக் கூச்சம் வராது. இங்கே அப்படியில்லை. தேக்குப் பலகைக் கூரையும் பெரிய கதவுகளும் அதிர்ந்து பாஸை உள்வாங்கிக்கொள்கின்றன. 1 முதல் 6 கிலோஹெர்ட்ஸ் வரைக்கும் உள்ள ஒலிக்கு அந்த வழி எதுவும் இல்லை. பூச்சுக்கும் கல்லுக்கும் நடுவே அடிபட்டுக்கொண்டே இருக்கிறது. காதுக்கு வரும் மொத்தத்தில் அந்தப் பங்கு வீங்குகிறது.

இந்த அறையில் நடுத்தர அளவு ஸ்பீக்கரிலிருந்து 70 செ.மீ. தள்ளி உட்கார்ந்தாலே, நேராக வரும் ஒலியும் சுவரில் பட்டு வரும் ஒலியும் சமமாகிவிடும். 3 மீட்டர் தள்ளி உட்கார்ந்தால் கேட்பது பெரும்பாலும் சுவரைத்தான். ட்வீட்டரை 4 டெசிபல் குறைத்தால் நேர் ஒலியும் 4 டெசிபல் குறையும், சுவர் ஒலியும் 4 டெசிபல் குறையும், இரண்டுக்குமான விகிதம் மாறாது. சீறல் கொஞ்சம் அடங்கினாலும் தெளிவு கெட்டுப்போகும். அறையைத் திருத்தாமல் ட்வீட்டரைத் தொடுவது பயனற்றது என்று உறுதியாகச் சொல்வது இதனால்தான்.

ஒரு விதிவிலக்கு. ஸ்பீக்கர் வைத்திருப்பது மூடிய கூடத்தில் இல்லாமல் வளவைச் சுற்றிய பத்தியில் என்றால் மேலே சொன்ன கணக்கு செல்லாது. ஒரு பக்கம் வானம் திறந்திருக்கிறது, எதிரொலி நிற்காது. அங்கே கூச்சத்துக்குக் காரணம் பாஸ் தாங்கச் சுவர் இல்லாததுதான். பெட்டியைப் பின்சுவரோடு 15 செ.மீ. வரை ஒட்டி வைத்து, முடிந்தால் மூலைக்குத் தள்ளினால் போதும், பாதி சரியாகிவிடும்.

மெத்தைச் சோதனை

எதையும் வாங்குவதற்கு முன் இதைச் செய்யுங்கள். மாடி அறையில் விசேஷத்துக்கென்று சுருட்டி வைத்திருக்கும் இலவம்பஞ்சு மெத்தைகளில் ஆறு எடுங்கள். ஒற்றை மெத்தை ஏறக்குறைய 1.8 × 0.9 மீட்டர், ஆறும் சேர்ந்து கிட்டத்தட்ட 10 சதுர மீட்டர். வெயிலில் அரை நாள் காயவைத்துத் தட்டிவிட்டால் பஞ்சு விரிந்து நன்றாக வேலை செய்யும். இறுகிக் கட்டிதட்டிப்போன மெத்தை பாதிக்குத்தான் உதவும்.

முதலில் கூடத்தின் நடுவில் நின்று ஒருமுறை கை தட்டுங்கள். 'ட்ர்ர்ர்' என்று நடுங்கும் வால் கேட்டால் எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே ஒலி போய்வந்துகொண்டிருக்கிறது. 4 மீட்டர் இடைவெளியில் ஒரு சுற்றுக்கு 23 மில்லிநொடி ஆகும். பிறகு இரண்டு மெத்தைகளை நாற்காலியில் சாய்த்து, ஸ்பீக்கருக்கும் கேட்பவருக்கும் இடையே பக்கச் சுவர்களில் நிறுத்துங்கள். சரியான இடம் கண்டுபிடிக்க ஒருவர் கேட்கும் இடத்தில் உட்கார, இன்னொருவர் முகம் பார்க்கும் கண்ணாடியைச் சுவரோடு ஒட்டி நகர்த்திக்கொண்டே போகட்டும். உட்கார்ந்தவர் கண்ணுக்கு ட்வீட்டர் எங்கே தெரிகிறதோ அங்கே மெத்தை நிற்க வேண்டும். மூன்றாவது, நான்காவது மெத்தை கேட்பவர் முதுகுக்குப் பின்னால் சுவரோரம். ஐந்தாவது பெல்ஜியம் கண்ணாடிக்கு முன்னால். ஆறாவதைத் தரையில், ஸ்பீக்கருக்கும் நாற்காலிக்கும் நடுவே விரியுங்கள். வளவுக்குப் போகும் இரட்டைக் கதவு, 1.2 × 2.1 மீட்டர், கேட்பவருக்குப் பின்னால் அமைந்தால் அதைத் திறந்தே வையுங்கள். கிட்டத்தட்ட 2.5 சதுர மீட்டர் முழு உறிஞ்சி செலவில்லாமல் கிடைக்கிறது.

இப்போது அதே பாட்டு, அதே வால்யூம். சீறல் பெரும்பாலும் போய்விட்டால் பெட்டியைத் திறக்கத் தேவையே இல்லை, பேனல் (ஒலி உறிஞ்சும் தட்டி) செய்ய வேண்டியதுதான். பாதி போனால் பேனலும், பிறகு பெட்டிக்குள் சிறு வேலையும். துளியும் மாறாவிட்டால் குறை ஸ்பீக்கரில் இருக்கிறது. நேராகப் 'பெட்டிக்குள்' என்ற பகுதிக்குப் போகலாம்.

வைக்கும் இடம்

குட்டையான 4 மீட்டர் சுவரில் இரண்டையும் வைத்து நீளவாட்டத்தில் ஒலியை அனுப்புங்கள். பக்கச் சுவரிலிருந்து ட்வீட்டர் 90 செ.மீ., இரண்டுக்கும் நடுவே 2.2 மீட்டர், கேட்கும் தூரம் 2.4 மீட்டர். பெரிய கூடம் என்பதற்காக எதிர்ச் சுவரோரம் நாற்காலி போடுவதுதான் இங்கே அதிகம் நடக்கும் தவறு. கிட்டே வந்து உட்காருவதைப்போல் பலன் தரும் இலவச வேலை வேறு இல்லை.

இந்த அளவில் பக்கச் சுவரில் பட்டு வரும் ஒலி நேர் ஒலியைவிட 1.2 மீட்டர் கூடுதலாகப் பயணித்து, 3.5 மில்லிநொடி பின்னால் வரும். தரையில் பட்டு வருவது 2 மில்லிநொடி பின்னால். கூரை உயரமாக இருப்பதால் அங்கிருந்து வருவது 13 மில்லிநொடி கழித்து, வலுவிழந்துதான் வரும். ஆகவே கூரையை விட்டுவிடலாம். தரையையும் பக்கச் சுவரையும் விட முடியாது.

ட்வீட்டரை நேராக முகத்துக்குத் திருப்பாதீர்கள். பெட்டியை நேர் முன்னோக்கி வைத்தால் கேட்பவர் ஏறத்தாழ 27 பாகை பக்கவாட்டில் இருப்பார். 25 மி.மீ. டோம் 30 பாகையில் 10 கிலோஹெர்ட்ஸில் ஒன்றரை டெசிபலும் 15 கிலோஹெர்ட்ஸில் மூன்று டெசிபலுக்கு மேலும் இறங்கும். கழற்றாமல் கிடைக்கும் குறைப்பு இது. ஆனால் இதன் பலன் மேல்நுனியில்தான், 3 முதல் 5 கிலோஹெர்ட்ஸ் குத்தலை இது தொடாது. அதோடு நேராக வைத்தால் பக்கச் சுவரில் விழும் ஒலி கூடும். அந்த இடத்தில் உறிஞ்சி நிற்காவிட்டால் ஒரு கையால் கொடுத்ததை மறுகையால் வாங்கிக்கொண்டதாகிவிடும்.

பின்சுவருக்கு 30 முதல் 40 செ.மீ. விட்டு வைத்தால் பாஸ் கொஞ்சம் உயர்ந்து தராசு சமமாகும். பின்பக்கம் துவாரம் உள்ள பெட்டி இதைவிட நெருங்கினால் மிருதங்கத்தின் தொப்பி குழறும். இரண்டு பக்கமும் சமமாக வைக்க டேப் தேவையில்லை, ஆத்தங்குடிக் கல்லின் இணைப்புக் கோடுகளை எண்ணினாலே போதும். ஸ்டாண்டின் அடியில் கூர்முனை ஆணிக்கால் இருந்தால் கழற்றிவிடுங்கள். கண்ணாடியின் மேல் வண்ணச் சிமெண்ட் ஊற்றிச் செய்த கல் அது. வண்ணப் பூச்சு மேலே மெல்லிய அடுக்குதான், கூர்முனை அதில் பள்ளம் போட்டால் மறையாது. ரப்பர் கால் அல்லது அடியில் ஒரு கிரானைட் துண்டு.

பேனல்

ஒரே விதியை மீறாதீர்கள்: சுவரில் ஆணி அடிக்கவோ டிரில் போடவோ கூடாது. சுண்ணாம்பு, கடுக்காய், முட்டை வெள்ளைக்கரு என்று அடுக்கடுக்காய்ப் பூசித் தேய்த்த மெருகு அது. ஓர் ஓட்டை போட்டாலும் சுற்றிலும் பெயரும். பிறகு பட்டியோ சிமெண்டோ வைத்து அடைத்தால் அந்த இடம் காலத்துக்கும் தழும்பாக நிற்கும். அந்தப் பூச்சு போடத் தெரிந்த கைகள் இன்று மிகச் சில, சுவரைக் காப்பது ஒலியைவிட முக்கியம். அதனால் பேனல் எல்லாம் தானாக நிற்கிற தட்டி வகை.

ஒரு பேனலுக்கு வேண்டியவை: 1200 × 600 × 50 மி.மீ. ராக்வூல் (கல்லிழைப் பஞ்சு) பலகை ஒன்று, கன மீட்டருக்கு 48 கிலோ அடர்த்தி, 75 மி.மீ. அகலம், 20 மி.மீ. கனமுள்ள மரப்பட்டை சுமார் 3.8 மீட்டர், கால்களுக்கு 450 மி.மீ. நீளத்தில் இரண்டு கட்டையும் 400 மி.மீ. உயரத் தூண் இரண்டும். நெய்யாத மெல்லிய வெள்ளைத் துணி. மேலே போர்த்தத் துணி. 8 பேனல் செய்தால் இந்தக் கூடத்துக்குப் போதும். மரத்துக்குக் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவின் பழம்பொருள் கடைகளில் கண்ணாடி போன பெரிய படச் சட்டங்களையும் பார்க்கலாம், முன்பக்க அலங்காரத்துக்கு அவை இந்த வீட்டோடு ஒன்றிப்போகும்.

சட்டத்தின் உள்ளளவு சரியாக 1200 × 600. ராக்வூல் அழுத்திப் பொருந்த வேண்டும், ஆடினால் நாளடைவில் கீழே சரிந்து மேலே இடைவெளி விழும். ராக்வூலைத் தொடும்போது கையுறை, முகக்கவசம், முழுக்கைச் சட்டை கட்டாயம். வளவில் வைத்தே வெட்டுங்கள், ஃபேன் காற்றில் வேண்டாம். முன்னும் பின்னும் நெய்யாத துணி போர்த்தி ஸ்டேப்பிள் அடித்தால் இழை வெளியே வராது. பாலித்தீன் சுற்றாதீர்கள். தூசி வராதுதான், ஆனால் நாம் பிடிக்க வந்த மேல் அலைவரிசையை அது திருப்பி அனுப்பிவிடும்.

மேல்துணிக்கு ஒரே சோதனை: வாயில் வைத்து ஊதினால் மறுபக்கம் காற்று வர வேண்டும். பருத்திக் கண்டாங்கிச் சேலை இதில் தேறும். பெரிய கட்டமும் அரக்கு, மஞ்சள் நிறமும் தேக்குத் தூண்களோடு பார்க்கவும் அழகு. சட்டத்தின் வெளியளவு 1240 × 640. பக்கத்துக்கு 75, பின்மடிப்புக்கு 40 என்று சேர்த்தால் ஒரு பேனலுக்கு 1470 × 870 மி.மீ. துணி. ஐந்தரை மீட்டர் சேலையில் மூன்று பேனல் வரும். கஞ்சி போட்ட புதுச் சேலையை ஒருமுறை அலசிக் காயவைத்த பிறகு வெட்டுங்கள். கஞ்சி இழையிடுக்கை அடைக்கும், பின்னால் நனைந்தால் சுருங்கி ஸ்டேப்பிளைப் பிடுங்கும்.

தூண் வைத்து நிறுத்தினால் பேனல் தரையிலிருந்து 400 மி.மீ. உயரத்தில் தொடங்கி 1640-இல் முடியும், நடு உயரம் ஏறக்குறைய 1 மீட்டர், ட்வீட்டருக்கும் காதுக்கும் நேர். சுவரிலிருந்து 10 செ.மீ. விட்டு நிறுத்துங்கள். பின்னால் உள்ள காற்று இடைவெளி, உறிஞ்சலைக் கீழே 250 ஹெர்ட்ஸ் பக்கம்வரை நீட்டும், குரலின் உடம்பில் உள்ள கூட்டுச் சத்தமும் அடங்கும். சுவரோடு ஒட்டினால் அந்த லாபம் போய்விடும்.

மலிவு என்று முட்டை அட்டை, கோரைப்பாய், ஒரு விரல் கன ஃபோம் வைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. மெல்லிய பொருள் மேல்நுனியை மட்டும் தின்னும், 500 முதல் 1500 ஹெர்ட்ஸ் வரையிலான எதிரொலியை அப்படியே விட்டுவிடும். சீறல் போகும், ஆனால் குரல் தகர டப்பாவுக்குள் பேசுவதுபோல் ஆகும். சுவர் முழுக்க மெல்லியதை ஒட்டுவதைவிட எட்டு இடத்தில் 50 மி.மீ. நிறுத்துவது மேல். தென்னைநார் மெத்தை 50 மி.மீ. கனத்தில் நன்றாகவே வேலை செய்யும், ஆனால் கரையானும் எலியும் தேடி வரும். ராக்வூலை அவை தின்னாது.

கணக்கு: இருந்தது 8. இருபக்கமும் திறந்த 8 பேனல், ஒன்றுக்கு 1.2 வீதம் ஏறக்குறைய 10. பின்பக்கம் மடிப்பு வைத்துத் தொங்கவிட்ட கனத்த திரைச்சீலை 3. தரையில் கனமான விரிப்பு 1 அல்லது அதற்குச் சற்று மேல். மொத்தம் 22, எதிரொலி 0.74 நொடி. பவானி ஜமக்காளம் ஒற்றையாக விரித்தால் உறிஞ்சல் சொற்பம்தான், நாலாக மடித்துப் போடுங்கள் அல்லது அடியில் மெத்தை விரிப்பு வையுங்கள்.

பெட்டிக்குள்

சால்டரிங் அயனை எடுக்கும் முன் ஈக்வலைசரில் பாவனை செய்து பாருங்கள். ஆம்ப்ளிஃபயரின் ட்ரெபிள் குமிழ் இதற்கு உதவாது. பல ஆம்ப்ளிஃபயர்களில் அது 10 கிலோஹெர்ட்ஸ் பக்கத்தில்தான் முழுதாக வேலை செய்யும், குத்தல் இருக்கும் 3 முதல் 6 கிலோஹெர்ட்ஸ் இடம் அப்படியே நிற்க, மேலே உள்ள காற்றோட்டம் மட்டும் போய்விடும். கணினியிலோ போனிலோ 2.5 கிலோஹெர்ட்ஸிலிருந்து மேலே முழுவதையும் 2 டெசிபல் தாழ்த்திச் சில நாள் கேளுங்கள். அது பிடித்தால் அதையே ரெசிஸ்டரில் செய்யலாம்.

அடுத்து, குத்துவது ட்வீட்டரா வூஃபரா என்று பிரித்துப் பார்க்க வேண்டும். மலிவான டூ-வே பெட்டிகளில் வூஃபருக்குக் காயிலே இருக்காது, ட்வீட்டருக்கு ஒரு கெப்பாசிட்டர் மட்டும் இருக்கும். அப்போது வூஃபர் கோன் 3 முதல் 5 கிலோஹெர்ட்ஸில் தாறுமாறாக அதிர்ந்து, ட்வீட்டர் பெயரில் கத்தும். ட்வீட்டர் ஒயரைக் கழற்றிவிட்டுக் குறைந்த வால்யூமில் கேட்டால் தெரிந்துவிடும். ஆனால் ஒயரை வெறுமனே விடாதீர்கள். கெப்பாசிட்டரும் காயிலும் சேர்ந்த கிராஸ்ஓவரில் (ஒலியை வூஃபருக்கும் ட்வீட்டருக்கும் பிரித்துக்கொடுக்கும் சுற்று) சுமை இல்லாவிட்டால் அந்த இரண்டும் ஓர் அலைவரிசையில் ஷார்ட் போல நடந்து ஆம்ப்ளிஃபயரைக் கெடுக்கும். ட்வீட்டருக்குப் பதிலாக 8 ஓம் 10 வாட் ரெசிஸ்டரை மாட்டிவிட்டுச் சோதியுங்கள். கூச்சம் அப்படியே இருந்தால் வூஃபருக்குத் தொடரில் 0.5 மில்லிஹென்றி காயில் போடுவதுதான் வழி, சுமார் 2.5 கிலோஹெர்ட்ஸிலிருந்து அது தணிக்கும்.

பெட்டியைத் திறக்கும்போது ஸ்க்ரூடிரைவரைக் கோனின் மேல் குறுக்கே கொண்டுபோகாதீர்கள், காந்தம் இழுத்தால் ஒரே குத்தில் கோன் கிழியும். ஒயர் நிறத்தையும் முனையையும் போட்டோ எடுத்துக்கொண்டு கழற்றுங்கள்.

கிராஸ்ஓவரில் முதலில் பார்க்க வேண்டியது ட்வீட்டர் வழியில் உள்ள கெப்பாசிட்டர். இருபது வருடம் தாண்டிய நான்-போலார் (பிளஸ்-மைனஸ் பேதமில்லாத) எலெக்ட்ரோலைட்டிக் என்றால் ஒரு காலைக் கழற்றி எல்.சி.ஆர். மீட்டரில் அளக்கவும். 4.7 மைக்ரோஃபாரட் என்று எழுதியிருப்பது 5.5-ஐத் தாண்டினால், ட்வீட்டர் கீழ் அலைவரிசைக்கும் சேர்த்து உழைக்கிறது. அந்தக் கரகரப்பு 2 முதல் 4 கிலோஹெர்ட்ஸில் விழும். மாற்றுங்கள். சாதாரண பிளஸ்-மைனஸ் கெப்பாசிட்டரைப் போட்டுவிடக் கூடாது.

இதற்கு நேரெதிரான வழக்கும் உண்டு. "தரம் உயர்த்துகிறோம்" என்று எலெக்ட்ரோலைட்டிக்கை எடுத்துவிட்டு ஃபிலிம் கெப்பாசிட்டர் போட்ட மறுநாளே பெட்டி சீற ஆரம்பிக்கும். பழையதற்கு உள்மின்தடை அரை ஓம் அளவு இருந்திருக்கும், வடிவமைத்தவர் அதையும் கணக்கில் வைத்திருப்பார். ஃபிலிமில் அது இல்லை, ட்வீட்டர் அரை டெசிபல் ஏறிவிடுகிறது. ஃபிலிமோடு தொடரில் 0.47 ஓம் போட்டால் பழைய நிலை திரும்பும். முன்பு யாரோ மாற்றிய பெட்டியென்றால் முதலில் இதைத் தேடுங்கள்.

எல்லாம் சரியாக இருந்தும் குறைக்க வேண்டுமென்றால் எல்-பேட்: ஒரு ரெசிஸ்டர் தொடரில், இன்னொன்று ட்வீட்டருக்குக் குறுக்கே. 8 ஓம் ட்வீட்டருக்கு, கடையில் கிடைக்கும் மதிப்புகளில்:

1 டெசிபல்: தொடரில் 0.82 ஓம், குறுக்கே 68 ஓம்
2 டெசிபல்: தொடரில் 1.5 ஓம், குறுக்கே 33 ஓம்
3 டெசிபல் (இந்தக் கூடத்துக்கு வேண்டாம், ஃப்ளாட் போன்ற அறைக்கு மட்டும்): தொடரில் 2.2 ஓம், குறுக்கே 22 ஓம்

6 ஓம் ட்வீட்டருக்கு முக்கால், 4 ஓமுக்குப் பாதி. எந்த வகை என்று தெரியாவிட்டால் மல்டிமீட்டரில் அளக்கவும். 8 ஓம் ட்வீட்டர் பொதுவாக 6 ஓம் அருகிலும், 4 ஓம் ட்வீட்டர் 3 ஓமுக்குச் சற்று மேலும் காட்டும். இரண்டும் 10 வாட் வெள்ளைச் சிமெண்ட் ரெசிஸ்டராக இருக்கட்டும். கம்பிச் சுற்றால் வரும் தூண்டல் இந்தச் சிறு மதிப்பில் பொருட்டில்லை. இடம்: கிராஸ்ஓவர் முடிந்த பிறகு, ட்வீட்டருக்கு முன்.

தொடர் ரெசிஸ்டர் மட்டும் போட்டால் போதாதா? 4.7 மைக்ரோஃபாரட் 8 ஓம் ட்வீட்டரை 4230 ஹெர்ட்ஸில் பிரிக்கிறது. 2.2 ஓமை மட்டும் சேர்த்தால் கெப்பாசிட்டர் காண்பது 10.2 ஓம், பிரியும் இடம் 3320-க்கு இறங்கிவிடும். மேலே குறைத்துக் கீழே கூட்டியதாகிறது. குத்தல் இடம் மாறுகிறதே தவிரப் போகாது. குறுக்கே உள்ள ரெசிஸ்டர் மொத்தச் சுமையை 8 ஓமிலேயே நிறுத்திவைக்கிறது. ஏற்கெனவே கிராஸ்ஓவரில் ஒரு தொடர் ரெசிஸ்டர் இருந்தால் அதைச் சற்றே உயர்த்துவது எளிது: 2.2 இருந்த இடத்தில் 3.3 போட்டால் சுமார் 0.9 டெசிபல் இறங்கும்.

ரெசிஸ்டரைப் பலகையிலிருந்து 5 மி.மீ. தூக்கி வைத்துச் சால்டர் செய்யுங்கள், சூடாகும். பிடிப்புக்குச் சூட்டுப் பசை வேண்டாம், உருகிவிடும். நியூட்ரல் சிலிக்கான் வைத்து ஒரு நாள் காயவிடுங்கள். பிடிப்பில்லாத ரெசிஸ்டர் வூஃபர் அதிர்வில் கடகடத்து, புதிதாக ஒரு கோளாறு போலக் கேட்கும். வூஃபரைத் திருப்பி மாட்டும்போது திருகுகளை எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். துகள்பலகையில் ஒரேயடியாக முறுக்கினால் மரை போய்விடும், காற்றுக் கசிந்து பாஸ் குறையும், மறுபடியும் கூச்சம்.

ட்வீட்டர் முன்னால் டிஷ்யூ தாள் ஒட்டும் பழக்கம் 1978-இல் வந்த யமஹா என்எஸ்-10 வழியாக உலகெங்கும் ஸ்டுடியோக்களில் பரவியது. வீட்டில் வேண்டாம். தாளின் கனமும் தூரமும் மாறினால் விளைவும் மாறும், தாளில் பட்டுத் திரும்பும் ஒலி மேல் அலைவரிசையில் பள்ளமும் மேடும் உண்டாக்கும். ட்வீட்டரைச் சுற்றி 3 மி.மீ. கம்பளி ஃபெல்ட் வளையம் ஒட்டுவது வேறு. பெட்டி விளிம்பில் பட்டுச் சிதறும் ஒலியைத்தான் அது தணிக்கும், அளவைக் குறைக்காது; செய்யலாம்.

சரிபார்ப்பது

ரூம் ஈக்யூ விசார்டு அறையின் ஒலியை அளக்கும் இலவச மென்பொருள். அளவெடுத்த யுஎஸ்பி மைக் இருந்தால் நல்லது. போன் மைக்கானாலும் முன்னும் பின்னும் ஒப்பிடப் போதும், 10 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் அதை நம்ப வேண்டாம். தலை இருக்கும் இடத்தைச் சுற்றி ஒரு முழத்துக்குள் ஐந்தாறு புள்ளியில் அளந்து சராசரி எடுங்கள். ஒரே புள்ளியில் அளந்தால் கிடைப்பது அந்தப் புள்ளியின் விபத்து. கோடு தட்டையாக இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். ஒலி அளவுக் கருவிகள் செய்யும் பிரூயல்-கியேர் நிறுவனம் 1974-இல் வெளியிட்ட வளைவு, வீட்டில் கேட்கும் இடத்தில் கீழ் அலைவரிசையிலிருந்து 20 கிலோஹெர்ட்ஸ் நோக்கி மெல்லச் சரிய வேண்டும் என்கிறது, மொத்தச் சரிவு 6 டெசிபல் அளவு. சீறும் அறையில் 2 முதல் 6 கிலோஹெர்ட்ஸ் வரை கோடு சரியாமல் திண்ணை போல் நிற்கும். எதிரொலி நேரத்தையும் ஆக்டேவ் (அலைவரிசை இரட்டிப்பாகும் ஒவ்வொரு படி) வாரியாகப் பாருங்கள். 500 ஹெர்ட்ஸிலிருந்து 4 கிலோஹெர்ட்ஸ் வரை ஏறத்தாழ ஒரே அளவில் வந்தால் பேனல் வேலை முடிந்தது. 4 கிலோஹெர்ட்ஸில் 0.4 நொடியும் 500-இல் 1.2 நொடியும் வந்தால் மெல்லிய பொருள் அதிகம். திரைச்சீலையைக் குறைத்து ராக்வூல் பேனலைக் கூட்டுங்கள்.

எல்-பேட் போட்டது பேனலுக்கு முன்பா பின்பா என்பதைப் பெட்டிக்குள் ஒரு தாளில் எழுதி ஒட்டிவிடுங்கள், பழைய மதிப்புகளையும் சேர்த்து. பேனல் எல்லாம் நின்ற பிறகு குரல் மங்கித் தெரிந்தால் 2 டெசிபலை 1-க்கு மாற்றிப் பாருங்கள், அப்போதும் மங்கல் இருந்தால் எல்-பேடையே எடுத்துவிடலாம்.